தனிநிலை

பாகாவில் ஆப்செட் வந்த வருஷம்
சிக்கந்தர் தன் அச்சகத்து எழுத்தையெல்லாம்
சாக்கில் கட்டிக் கிலோ நாலு வெள்ளிக்குத் தந்தார்.
"கையில் மை போச்சு டிரெசரே, நிம்மதி" என்றார்.
தோட்டம் வந்து சேரும்வரை
மோட்டார் சைக்கிளின் பின்னால்
உயிரும் மெய்யும் கலகலத்துக்கொண்டே வந்தன.

அச்சு ஈயம் நல்ல ஈயம்.
தகரம் கலந்தது, கெட்டியானது.
கூரை ஈயம்போலக் குழலுக்குள் அப்பிக்கொள்ளாது.

ஆஸ்பத்திரிப் பின்கட்டில்
காற்று வெளியே போகிற பக்கம் பார்த்து ஸ்டவ்வை ஏற்றினேன்.
ஆறாம் லயத்துப் பிள்ளைகளிடம்
கிட்ட வந்தால் ஊசி என்று சொல்லியாயிற்று.
சட்டியில் முதலில் குனிந்தது ழகரம்.
கொம்பு கரைந்தது. கால் கரைந்தது.
ஒரு துண்டு மெழுகு போட்டுக் கிண்டினால்
புகையோடு அழுக்கு மேலே வரும்,
கரண்டியால் வழித்துவிட வேண்டும்.

சாக்கின் அடியில் ஒரு கட்டு,
நூல் பிரிக்காதது.
முகம் மழிக்கிற கண்ணாடியில் பிடித்து வாசித்தேன்:
கண்ணீர் அஞ்சலி. பவளக்கொடி. அகவை 31.

இருபத்தொன்பது.
என் பதிவேட்டில் இருபத்தொன்பது, என் கையெழுத்தில்.
இரவு இரண்டு மணி.
சிரம்பானுக்குப் புறப்பட்ட தோட்டத்து லோரி
ரொம்பின் முனையில் நின்றுவிட்டது.

நூலை அறுக்காமலே போட்டேன்.
நூல் கொஞ்ச நேரம் எரிந்தது.
பிழையும் பெயரும் ஒரே சூட்டில் இளகின.

வார்ப்பச்சுக்குச் சூடு பற்றாவிட்டால்
குண்டில் சுருக்கம் விழும்.
மிஞ்சினால் சாம்பல் பூத்து வெளுக்கும்.
முதல் பத்தும் திரும்பச் சட்டிக்கே.
அப்புறம் மருந்துத் தராசு,
கொய்னா நிறுத்த அதே கிரெயின் படிக்கற்கள்.
நூற்றெழுபது. நூற்றெழுபது.
நூற்றறுபத்தெட்டரை. உள்ளே காற்றுக்குமிழி.
ஓரமாக வை.

பூசுவதற்கு,
பழைய வெள்ளைக்கார மானேஜரின் குறிப்பில்
கொழுப்பு என்று மட்டும் இருந்தது.
எந்தக் கொழுப்பு?
ஹாஷிம் பன்றியோ என்று சந்தேகப்பட்டான்,
கிராணி வைத்தியலிங்கம் மாடோ என்று.
கிளப்பில் அரைமணி நேரம் சண்டை.
கடைசியில் துவாலாங் மரத்துத் தேன்மெழுகும்
டிஸ்பென்சரி விளக்கெண்ணெயும்.
வயிற்றுக்குக் கொடுப்பதை ரைபிளுக்குக் கொடுத்தோம்,
வேலை ஒன்றுதானே, சிக்காமல் போக வேண்டும்.
குண்டுகளைத் தட்டில் நிறுத்தி
உருக்கிய மெழுகை இடுப்பு வரைக்கும் ஊற்றி
ஆறவிட்டோம்.
குளத்தில் இறங்கி நிற்கிற கூட்டம்போல இருந்தன.

ஞாயிறு. நூறு கஜம்.
செம்பனை வரிசைக்கு அப்பால் மண்மேடு.
போலீஸ்காரர் லைசென்ஸைப் பார்த்து
எண்ணிக்கையை எழுதிக்கொண்டார்.
காற்று இல்லை. பாதி மூச்சை விட்டு
மீதியைப் பிடித்துக்கொண்டு
மூன்று தடவை.

ஹாஷிம் தூரக்கண்ணாடியில் பார்த்துவிட்டு,
"டூவா ராப்பாட்" என்றான்.
கொஞ்சம் பொறுத்து, "சாத்து லாரி."

நடந்து போய்ப் பார்த்தேன்.
கீழே இரண்டு, தோள் உரசிக்கொண்டு.
மேலே ஒன்று.
தாளில் அஃகேனம்.

இலக்கணத்தில் அதற்குத் தனிநிலை என்றும் பெயர்.
பெயர்தான் அப்படி.
முன்னால் ஒரு குறில், பின்னால் ஒரு வல்லினம்
இல்லாமல் அது ஒரு சொல்லிலும் நின்றதில்லை.

மேலே போனது
எந்தச் சட்டியில் வார்த்த குண்டு என்று
என்னைக் கேட்காதீர்கள்.
தராசைக் கேட்டேன்.
நூற்றெழுபதுதான் அதுவும்.

கார்பாலிக் சோப்பால் முழங்கைவரை கழுவினேன்.
ஈயம் நகக்கண்ணில் தங்கும்.
இன்னொரு தடவை கழுவினேன்.
ஹாஷிம் கொண்டுவந்த நாசி லெமாக்கை
மண்மேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
இருவரும் சாப்பிட்டோம்.